விண்ட் என்ற பெயர் வந்த வழி

"ஊரிலிருந்து டாட்டாவுக்கு வந்திருக்காங்க" என்று மும்பை வடாலாவில் யாராவது சொன்னால் மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. பரேலில் 1941-ல் திறக்கப்பட்ட டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை இங்கிருந்து பக்கம்தான். இந்தி தெரியாமல் வருகிறவர்களுக்கு யாராவது துணைக்குப் போவோம். அப்படிப் போன ஒருநாள், திருநெல்வேலிப் பக்கத்துத் தகப்பனார் ஒருவர் என்னைக் கேட்டார்: "நுரையீரல்ல கட்டின்னு சொல்லுதாங்க தம்பி. தாள்ல எலும்புப் புத்துன்னுல்லா போட்டிருக்கு?"

தாராவியில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தாலும் ஒருவரைத் திருநெல்வேலிக்காரர் என்றுதான் சொல்கிறோம். நோய்க்கும் அப்படியே. எங்கே போய்த் தங்கினாலும் புறப்பட்ட இடத்தின் பெயர்தான் நிற்கும். தாளில் இருந்த ஆஸ்டியோசார்கோமா என்ற பெயரில் எலும்பு, தசை, கட்டி என மூன்று கிரேக்கச் சொற்கள் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் முழங்காலை ஒட்டி வருவது அது. ரத்தத்தில் ஏறிப் பரவும்போது அதிகமும் நுரையீரலுக்குத்தான் போகிறது.

ஏன் புறப்படுகிறது? அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றைப் பின்தொடர்ந்தபோது இன்னொரு பெயரில் போய் நின்றேன்: விண்ட். விண்டு என்றால் தமிழில் 'வாய் திறந்து' என்று பொருள். இந்தப் பெயருக்கும் அதற்கும் உறவில்லை. ஒலி ஒத்துப்போவதை வைத்து வேர் சொல்லக் கூடாது.

உண்மையான வேரில் பாதி புதுடெல்லியில் இருக்கிறது. 1973-ல், பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர். பி. சர்மா, சிறகு முளைக்காத பழ ஈக்களைப் பற்றி எழுதினார். அந்த மரபணு மாற்றத்துக்கு விங்லெஸ், அதாவது சிறகிலி, என்று பெயர். மறுபாதி அமெரிக்காவில் கிடைத்தது. எலிகளுக்கு மார்புப் புற்றை உண்டாக்கும் வைரஸ் ஒன்று எலியின் டி.என்.ஏ.வில் எங்கே போய்ச் செருகிக்கொள்கிறது என்று ரோல் நுஸ்ஸேயும் ஹெரால்டு வார்மஸும் தேடினார்கள். 1982-ல் கண்ட அந்த இடத்து மரபணுவுக்கு, செருகல் என்ற பொருளில், இன்ட்-1 என்று பெயர் வைத்தார்கள். ஈயின் சிறகிலியும் எலியின் இன்ட்-1-உம் ஒரே மரபணுவின் இரு வடிவங்கள் என்று 1987-ல் தெரிந்தது. 1991-ல் இரண்டு பெயரையும் ஒட்டி விண்ட் என்றார்கள். செல்களுக்கு வளர், பிரி என்று சேதி சொல்லும் புரதக் குடும்பம் முழுவதற்கும் இன்று அதுவே பெயர். டெல்லியில் ஒரு ஈக்கு இட்ட பெயரின் முதலெழுத்து உலகத்துப் புற்றுநோய் ஆய்வுக்கூடங்களில் எல்லாம் ஒலிக்கிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சேதி ஓயாமல் போனால் ஆபத்து. விண்டைப் பிடித்து நிறுத்தும் புரதம் ஒன்றை 1999-ல் கண்டார்கள். விண்ட் தடுப்புக் காரணி-1, சுருக்கமாக விஃப்-1. எலும்புப் புற்றுக் கட்டிகள் பலவற்றில் இந்தக் காவல் புரதத்தை உண்டாக்கும் மரபணு வாயடைத்துக் கிடப்பதை 2009-ல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் டி.என்.ஏ. எழுத்துகள் அழியவில்லை. மரபணு தொடங்கும் இடத்தில், சைட்டோசின் எழுத்துகளின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்கூட்டம் (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) ஒட்டிக்கொண்டிருந்தது. மெத்தில் என்ற பெயரும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். மது, மரம் என்ற சொற்களைக் கொண்டு, மரச்சாராயத்தை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர்கள் 1830-களில் ஆக்கியது.

இந்த நிலையை 'மரபணு மௌனம்' என்று தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மௌனம் ஒருவர் தானாக இருப்பது. இங்கே நடப்பது வாயடைப்பு. அடைத்த வாயைத் திறக்கவும் முடியும். மெத்திலை நீக்கும் மருந்தைச் சோதனைக்கூடத்துப் புற்றுச் செல்களுக்குக் கொடுத்தபோது விஃப்-1 மீண்டும் வேலை செய்தது. புற்றுச் செல்களுக்குள் விஃப்-1-ஐத் திரும்பச் செலுத்தி எலிகளில் வளர்த்தபோது நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது. எலும்புப் புற்றுக்கு இது இன்னும் சிகிச்சையாகவில்லை. அறுவையும் கீமோவும்தான் இன்றைய வழி.

இதையெல்லாம் அன்று அந்தத் தகப்பனாரிடம் நான் சொல்லவில்லை. தாளில் எழுதியிருப்பது தப்பில்லை, புறப்பட்ட ஊரின் பெயர் அது என்று மட்டும் சொன்னேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.