‘விற்கப்படும்’ வந்த வழி

மன்னர்களுக்கும் கோட்டைகளுக்கும் வரலாறு இருப்பது போலவே வாக்கியங்களுக்கும் வரலாறு உண்டு. மதுரை மாசி வீதிகளிலே ‘வீடு வாடகைக்கு விடப்படும்’ என்று ஒரு பலகை தொங்கும். தாலுகா கச்சேரிச் சுவரிலே ‘நிலம் ஏலத்தில் விற்கப்படும்’ என்று ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். நாம் அனைவரும் நன்கறிந்த தொடர்கள் இவை. ஆயினும், விடுபவர் யார், விற்பவர் யார் என்று இவை வாய் திறப்பதில்லை. இத்தகைய வாக்கியம் நம் தெருவுக்கு எவ்வழியாக வந்தது? அதனை ஆராய்வதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

ஆங்கிலம் பயிலும் நீங்கள் ‘டு பி ஸோல்ட் பை ஆக்ஷன்’ என்னும் தொடரைக் கண்டிருப்பீர்கள். ‘டு பி ஸோல்ட்’ என்பது ‘விற்கப்பட’ என்னும் பொருள் தரும் செயப்பாட்டு வினையெச்சம். ‘பை ஆக்ஷன்’ என்பது முன்னிடைச்சொல் தொடர். நம் மொழியில் வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இந்த முன்னிடைச்சொல் செய்கிறது. நம் உருபு பெயருக்குப் பின்னே நிற்கும். அவர்கள் சொல் பெயருக்கு முன்னே நிற்கும். வினையெச்சம் ‘இன்னது நடைபெற வேண்டும்’ என்கிறது. யாரால், எவ்வழியில், எந்நாளுக்குள், யாருக்கு, எங்கே என்னும் வினாக்களுக்கெல்லாம் விடை தருவது அதன் பின்வரும் அச்சிறு சொல்லே.

இவ்வமைப்பு ஆங்கிலத்திற்கும் பிறவிச் சொத்தன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில், செய்வினை வடிவிலுள்ள வினையெச்சமே செயப்பாட்டுப் பொருளையும் தந்து வந்தது. ‘டு பி’ சேர்ந்த வடிவம் இடைக்கால ஆங்கிலத்தில்தான் பரவி நிலைபெற்றது. பழைய முறையின் எச்சம் இன்றும் ‘ஹவுஸ் டு லெட்’ என்னும் பலகையில் உயிரோடிருக்கிறது. வீடு தன்னைத் தானே வாடகைக்கு விடுவதில்லை. ஆயினும் அங்கே ‘டு பி லெட்’ என்று எழுத வேண்டியதில்லை. வினைமுதலைக் காட்டும் சொல்லும் இவ்வாறே மாறியது. ‘பை’ என்பது அவ்விடத்தைத் தனதாக்கிக் கொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின. 1611ஆம் ஆண்டில் அச்சேறிய ஆங்கில விவிலியத்தில், இன்று நாம் ‘பை’ என்று எழுதும் பல இடங்களில் ‘ஆஃப்’ என்னும் சொல்லே நிற்கக் காணலாம்.

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழில் செயப்பாட்டுவினை இருந்ததா என்னும் வினா எழுவது இயல்பு. தொல்காப்பியர் ஆளும் இலக்கணக் குறியீடுகளில் ஒன்று ‘செயப்படுபொருள்’. ‘செய’ என்னும் எச்சத்தோடு ‘படு’ சேர்ந்த வடிவம் அக்குறியீட்டிலேயே அமைந்திருக்கிறது அன்றோ? ஆகவே வடிவம் பழையதே. ஆனால் பேச்சு வழக்கில் நம் முன்னோர் இதனை அளவோடே கையாண்டனர். ‘அடிபட்டான்’, ‘மிதிபட்டது’, ‘கட்டுண்டான்’ என்று பெயரோடும் முதனிலையோடும் ‘படு’, ‘உண்’ ஆகிய துணைவினைகளைச் சேர்த்துச் சுருக்கமாகப் பேசினர். மற்றொரு வழியும் உண்டு. செயப்படுபொருளே தொழிலைச் செய்தது போலச் சொல்லுதலும் வழக்கு என்று தொல்காப்பியர் விதிக்கிறார். ‘நெல் விற்றது’, ‘வீடு கட்டியாயிற்று’ என்று நம் வீடுகளில் இன்றும் பேசுகிறோமே, அவை இம்மரபைச் சார்ந்தவையே.

திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் இப்பொருளை ஆராய்ந்தார். திராவிட மொழிகளுக்கெனத் தனியான செயப்பாட்டுவினை வடிவம் இல்லை, துணைவினைகளின் உதவியால்தான் அப்பொருள் பெறப்படுகிறது என்பது அவர் முடிபு. ‘செயப்படுபொருள்’ என்னும் சொல்லை நோக்குங்கால், இம்முடிபைச் சற்று அளவிட்டே கொள்ளுதல் தகும். தமிழில் வடிவம் இருந்தது. அதனை எங்கும் எதற்கும் பயன்படுத்தும் தேவைதான் இல்லாதிருந்தது. அத்தேவை எப்போது எழுந்தது?

1801ஆம் ஆண்டில் மதுரைச் சீமை கும்பெனியாரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. ஆட்சியின் உயிர்நாடி நிலவரி. நிலவரிச் சட்டங்களின் மொழி ஆங்கிலம். 1864ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கு வருவாய் மீட்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. தீர்வை நிலுவை வைத்தவரின் நிலத்தை ஏலத்தில் விற்று நிலுவையை ஈடுசெய்ய வழி வகுத்த சட்டம் அது. விற்பனைக்கு முன்பாக அதன் அறிவிப்பை ஆங்கிலத்திலும் மாவட்ட மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. இவ்விதியின் பயனை எண்ணிப் பாருங்கள். மேலூர், திருமங்கலம் பக்கத்துச் சிற்றூரில், மழை பொய்த்த ஆண்டில் கிஸ்தி கட்ட இயலாத ஓர் உழவர் தம் நிலத்தின் கதியை அறிய வேண்டுமானால், ஆங்கில வாக்கியம் ஒன்று தமிழ் உடை உடுத்தி அவர் முன் நின்றாக வேண்டும். கச்சேரி எழுத்தர்களுக்கு ‘படு’ என்னும் துணைவினை கைகொடுத்தது. நீதிமன்ற ஆணைகளும், நகராட்சி விளம்பரங்களும், செய்தித்தாள்களும் இவ்வழியிலேயே ‘விற்கப்படும்’, ‘வசூலிக்கப்படும்’, ‘தண்டிக்கப்படுவர்’ என்னும் வடிவங்களைப் பெருக்கின. தெருப்பலகையின் தமிழ் இத்தகைய எழுத்து வழக்கின் சாயல் பெற்றது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அச்சட்டத்தின்படி ஏலம் எடுத்தவர் விலையில் 100க்கு 15 பங்கை அப்போதே கட்ட வேண்டும். எஞ்சியதை 30 நாட்களுக்குள் கட்டத் தவறினால் முன்கட்டிய தொகையையும் இழக்க நேரும். இதனைச் செயப்பாட்டு வினையெச்சத்தால் ஆங்கிலத்தில் எழுதுவோமாயின், ‘டு பி பெய்ட் பை த பர்ச்சேஸர்’ என்பதில் ‘பை’ வினைமுதலைக் காட்டும். ‘டு பி பெய்ட் பை செக்’ என்றால் அதே ‘பை’ வழியைக் காட்டும். ‘டு பி பெய்ட் பை ஃப்ரைடே’ என்றாலோ காலவரையறையைக் காட்டும். தமிழில் இம்மூன்றும் மூன்று வேறு உருவம் கொள்ளும்: ‘வாங்கியவர் செலுத்த வேண்டும்’, ‘காசோலையாகச் செலுத்த வேண்டும்’, ‘வெள்ளிக்கிழமைக்குள் செலுத்த வேண்டும்’.

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், ‘பை’ என்றால் ‘ஆல்’ என்று நெட்டுருச் செய்திருந்த ஒரு மாணவன், ‘பணம் வெள்ளிக்கிழமையால் செலுத்தப்பட வேண்டும்’ என்று எழுதிக் கொண்டு வந்தான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனை எழுப்பி, “தம்பி, வெள்ளிக்கிழமையின் சட்டைப் பையில் பணம் இருக்கிறதா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்று தானே திருத்திக்கொண்டான். அவன் நெஞ்சில் நின்ற பாடம், அச்சிறு சொல்லுக்குத் தனியாகப் பொருளில்லை, அடுத்து வரும் பெயரோடு சேர்த்தே பொருள் கொள்ள வேண்டும் என்பதே.

இடப்பொருளிலும் இவ்வாறே. ஆயிரங்கால் மண்டபத்தைப் பற்றி ஆங்கில வழிகாட்டி நூல் ‘இஸ் டு பி ஸீன் இன் த டெம்பிள்’ என்று எழுதும். அதனை ‘கோயிலில் காணப்பட இருக்கிறது’ என்று பெயர்த்தால் தமிழ் நோகும். ‘கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்தைக் காணலாம்’ என்பதே நம் வழக்கு. அங்கே செயப்பாட்டு வினையெச்சம் தந்த பொருளை இங்கே ‘லாம்’ என்னும் ஈறு தந்துவிடுகிறது.

இவை வெறும் ஏட்டு நுட்பங்கள் என்று எண்ணாதீர்கள். மதுரைச் சமவெளியின் வயல்களுக்குப் பெரியாற்று நீர் 1895ஆம் ஆண்டில் திருப்பிவிடப்பட்டது. அதற்கு அடிப்படை, 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் இந்திய மந்திரிக்கும் இடையே கையெழுத்தான குத்தகை ஆவணம். 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். காலம் 999 ஆண்டுகள். 1970ஆம் ஆண்டில் ஏக்கர் வாடகை 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. யாரால் செலுத்தப்பட வேண்டும், யாருக்கு, எதற்காக, எக்காலம் வரை என்று ஓர் ஆவணம் ஐயமறச் சொல்லியாக வேண்டும். சிறு சொல்லில் தெளிவு குன்றினால் வழக்குக்கு வாயில் திறந்துவிடும். இலட்சக்கணக்கான உழவரின் நீர், சில வேளைகளில் இத்தகைய சிறு சொற்களின் மீதுதான் ஓடுகிறது.

1956ஆம் ஆண்டில் தமிழ் நம் மாநிலத்தின் ஆட்சிமொழி எனச் சட்டம் இயன்றது. அதன்பின் அறிவிப்புகள் தமிழிலேயே பிறக்கும் வழி திறந்தது. ஆயினும் பழைய வார்ப்பு நம்மை விட்டு நீங்கவில்லை. ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று கூறும் ஓர் அறிவிப்பை எண்ணிப் பாருங்கள். எடுப்பவர் யார்? எந்நாளுக்குள்? எங்கே சென்று கேட்பது? செயப்பாட்டுவினை வினைமுதலைத் திரைக்குப் பின் நிறுத்த வல்லது. வினைமுதல் யாரென்று தெரியாத இடத்திலும், அது வேண்டாத இடத்திலும் அவ்வாறு எழுதுவது முறையே. பொறுப்பேற்க வேண்டியவர் ஒருவர் இருக்கும் இடத்திலோ, அவரை வாக்கியத்திலிருந்து நீக்கிவிட்டால், கேட்க வந்த ஏழை யாரிடம் கேட்பார்?

ஆதலின், இளைஞர்களே, ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையெச்சம் ஒன்றைக் காணும்போது இரண்டு வினாக்களை எழுப்புங்கள். இச்செயலுக்கு உரியவர் யார்? பின்வரும் முன்னிடைச்சொல் ஆளைச் சுட்டுகிறதா, வழியையா, காலத்தையா, இடத்தையா? விடை கிடைத்தபின் தமிழில் எழுதுங்கள். உருபு தானே வந்து அமையும். நாளை உங்களுள் சிலர் வட்டாட்சியராகவும் வழக்கறிஞராகவும் அமர்வீர்கள். அப்போது நீங்கள் கையொப்பமிடும் அறிவிப்பில், செய்பவரின் பெயரும் செய்ய வேண்டிய நாளும் தெளிவாக நிற்கட்டும். அதைப் படிக்கும் உழவர் பிறர் உதவி நாடாமல் தம் நிலை இன்னதென்று அறிந்துகொள்வாராயின், நீங்கள் கற்ற இலக்கணம் பயன்பட்டது என்று கொள்ளலாம்.