விடியா பல்லும் படேல் ஒளியும் - அக்ரிலிக் அறுத்த கதை

கண்ணாடிக்கு வைரம், மரத்துக்கு ரம்பம், இரும்புக்கு ஹாக்ஸா பிளேடு. அக்ரிலிக் ஷீட்டுக்கு? பார்க்கக் கண்ணாடி மாதிரி, அறுக்க மரம் மாதிரி தெரிகிற இந்தப் பொருள் இரண்டு மாதிரியும் நடந்துகொள்ளாது. அதற்கான பிளேடு வந்து சேர்ந்த கதை சுவாரஸ்யமானது.

1933ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஓட்டோ ரோம் என்பவரின் கம்பெனி 'பிளெக்ஸிகிளாஸ்' என்ற பெயரைப் பதிவு செய்தது. அடுத்த வருஷமே இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் 'பெர்ஸ்பெக்ஸ்'. கண்ணாடியில் பாதி எடைதான். சும்மா விடுவாங்களா? இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர் விமானியின் தலைக்கு மேல் இருந்த கூண்டு பெர்ஸ்பெக்ஸ்தான்.

அந்த மாதிரி இடத்தில் வெட்டின ஓரம் என்பது உயிர் விஷயம். ஓரத்துல சின்னதா ஒரு சில்லு பெயர்ந்திருந்தா போதும், அழுத்தம் ஏறும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

சரி, சில்லு ஏன் பெயருது, ஓரம் ஏன் உருகுது? முதல் எதிரி சூடு. சுமார் 105 டிகிரி செல்சியஸிலேயே அக்ரிலிக் இளக ஆரம்பிச்சிடும். சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதனால் பல் உரசுகிற இடத்துச் சூடு அங்கேயே தங்கிவிடும். மொக்கைப் பல் வெட்டாது, தேய்க்கும். ரம்பம் முன்னால் போகப் போக, பின்னால் வெட்டு திரும்ப ஒட்டிக்கும்!

மொக்கையாகாத பல்லுக்கும் ஜெர்மனியில்தான் விடை கிடைத்தது, அதுவும் பல்பு கம்பெனியில். பல்புக்கு டங்ஸ்டன் கம்பி இழுக்கிற வைர அச்சுக்கு மாற்றாக, ஓஸ்ராமில் கார்ல் ஷ்ரோட்டர் டங்ஸ்டன் கார்பைடையும் கோபால்ட்டையும் சேர்த்து 1923ல் பேடண்ட் எடுத்தார். க்ரூப் கம்பெனி அதற்கு வைத்த பெயர் 'விடியா'. 'வைரம் போல' என்று அர்த்தம் வருகிற ஜெர்மன் சொற்களின் சுருக்கம். நம்ம ஊர் பட்டறையில் கார்பைடு நுனியை 'விடியா' என்று சொல்வது இதனால்தான். விடியா மூஞ்சிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை :-)

அக்ரிலிக்குக்கான வட்ட பிளேடில், முனை சீவின பல் ஒன்று நடுவில் வெட்ட, அடுத்த தட்டைப் பல் இரண்டு ஓரத்தையும் சுத்தம் செய்யும். பல் முன்பக்கம் சாய்ந்து கொத்தக் கூடாது, கொத்தினால் சில்லு. பத்து அங்குல பிளேடுக்கு 80 பல் வழக்கம். 3 மி.மீ. ஷீட்டுக்கு இதெல்லாம் வேண்டாம். கீறும் கத்தியால் ஏழெட்டுத் தடவை கீறி, மேஜை விளிம்பில் வைத்து ஒடித்தால் போதும்.

முப்பது வருஷம் சூட்டோடு சண்டை போட்டாச்சு. 1964ல் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்ஸைடு லேசரைக் கண்டுபிடித்தார். அதன் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு அக்ரிலிக் வழிவிடாது, அப்படியே உறிஞ்சிக்கும். அந்த இடம் ஆவியாகிப் போக, ஓரம் பாலிஷ் போட்ட மாதிரி மின்னும். எதிரியா இருந்த சூடே கத்தியாச்சு! இன்றைக்கு நேம் போர்டு எழுத்துகள் வெட்டப்படுவது பெரும்பாலும் இதில்தான். (பி.வி.சி. ஷீட்டை மட்டும் லேசரில் வைத்துவிடாதீர்கள், அமில வாயு வரும்.)

அப்போ ரம்பம் தேவையில்லையா? அங்கேதான் விஷயம். லேசர் ஓரத்துக்குள் இறுக்கம் தங்கிவிடும். அதில் குளோரோபார்ம் விட்டு ஒட்டினால் மெல்லிய வெடிப்புகள் விழலாம். எழுத்து வெட்ட லேசர் சரி. தண்ணீர் தாங்க வேண்டிய தொட்டியை ஒட்டப் போகிறீர்கள் என்றால், கூர்மையான விடியா பிளேடில் அறுங்கள். லேசர்தான் என்றால், 80 டிகிரி வாக்கில் சில மணிநேரம் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டு ஒட்டுங்கள். மீன் தொட்டி வெடித்து ஹாலில் தண்ணி ஓடினப்புறம் பிளேடைப் பற்றி யோசிச்சுப் பிரயோஜனமில்லை.