தரகர்களின் பட்டியலும் நாவின் தீர்ப்பும்

1663ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், லண்டனில் ராயல் ஓக் என்னும் மதுவிடுதியில் தாம் அருந்திய ஒரு பிரெஞ்சு ஒயினைப் பற்றிச் சாமுவேல் பீப்ஸ் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பெயரை ஏறத்தாழ 'ஹோ பிரையன்' என்று காதில் விழுந்தபடியே பதிவு செய்திருக்கிறார். அது போர்தோ நகரை ஒட்டிய ஓ-பிரியோன் தோட்டத்து ஒயின். இத்தகைய தனிச்சுவையை இதற்குமுன் கண்டதில்லை என்பதே அவருடைய குறிப்பின் சாரம். போர்தோவிலிருந்து வந்த சிவப்பு ஒயின் அனைத்தையும் 'கிளாரெட்' என்ற ஒரே பெயரால் ஆங்கிலேயர் அழைத்து வந்த காலம் அது. பீப்ஸின் கையில் பட்டியல் இல்லை, புகழ்மொழி இல்லை, நாக்கு மட்டுமே இருந்தது.

இன்று உயர்ந்த பிரெஞ்சு ஒயினைத் தேர்ந்தெடுக்க விரும்புபவர் முதலில் நாடுவது நாக்கை அல்ல, பட்டியலை. அப்பட்டியல்களுள் தலையாயது 1855ஆம் ஆண்டின் போர்தோ தரவரிசை. அது பிறந்த கதை, ரசனையைக் குறித்து நாம் கொண்டிருக்கும் பல நம்பிக்கைகளைச் சற்றே அசைத்துப் பார்க்கக் கூடியது.

அவ்வாண்டு மூன்றாம் நெப்போலியன் பாரிசில் உலகக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். தங்கள் ஊரின் ஒயின்களை அங்கே காட்சிக்கு வைக்கத் தீர்மானித்த போர்தோ வணிகர் சபை, ஏப்ரல் 5ஆம் நாள் ஒயின் தரகர்களின் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. தோட்டங்களை வகைப்படுத்தித் தருமாறு கேட்டது. ஏப்ரல் 18ஆம் நாள் பதில் வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்குள் அத்தனை ஒயின்களையும் சுவைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்களா? இல்லை, அதற்கு அவசியமும் இருக்கவில்லை. தோட்ட உரிமையாளர்களுக்கும், ஷார்த்ரோன் படகுத்துறை வணிகர்களுக்கும் இடையே நின்று பேரம் முடித்துக் கொடுத்தவர்கள் அந்தத் தரகர்கள். எந்தத் தோட்டத்து ஒயின் நெடுங்காலமாக என்ன விலைக்குப் போயிற்று என்பது அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த விலைகளின் வரிசையையே ஐந்து படிகளாகப் பிரித்து எழுதிக் கொடுத்தார்கள்.

முதற்படியில் லாஃபிட், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என்ற நான்கு பெயர்கள் இருந்தன. இதில் புதுமை ஏதுமில்லை. 1787இல் போர்தோவுக்கு வந்த தாமஸ் ஜெஃபர்சன் தலைசிறந்தவை என்று குறித்துக்கொண்டதும் இதே நான்கைத்தான். ஓ-பிரியோன் ஒன்றைத் தவிர, பட்டியலில் இடம்பெற்ற சிவப்பு ஒயின்கள் யாவும் மெதோக் பகுதியைச் சேர்ந்தவை. இன்று உலகம் கொண்டாடும் பொமெரோல், சாந்த்-எமிலியோன் ஒயின்கள் அதில் இல்லை. அவை போர்தோத் தரகர்களின் கைவழியாக அல்லாமல் லிபூர்ன் நகரத்து வணிகத்தின் வழியாகப் போயின. விடுபட்டதற்குக் காரணம் சுவை அன்று, வணிக எல்லை.

வெள்ளை ஒயின்களில் சோத்தெர்ன், பார்சாக் பகுதிகளின் இனிப்பு ஒயின்கள் மட்டுமே வரிசைப்படுத்தப்பட்டன. அவற்றுள் இக்கெம் ஒன்றுக்கு மட்டும் யாவற்றுக்கும் மேலான தனிப்பீடம் தரப்பட்டது. இலையுதிர்காலத்துக் காலைப் பனிமூட்டத்தில் திராட்சையின் மீது படரும் ஒருவகைப் பூஞ்சை, பழத்தின் நீரை வற்றச்செய்து இனிப்பைத் திரளச்செய்கிறது. எல்லாப் பழமும் ஒரே நாளில் அந்தப் பக்குவத்தை எட்டுவதில்லை. ஆகவே பறிப்பவர்கள் ஒரே கொடியிடம் மீண்டும் மீண்டும் வந்து, பக்குவமானதை மட்டும் கிள்ளி எடுக்கிறார்கள். பருவம் ஏமாற்றினால் இக்கெம் அவ்வாண்டு தன் பெயரில் ஒயின் வெளியிடாமலே இருந்துவிடும். 2012இல் அப்படித்தான் நடந்தது. இக்கெம்மின் பெயர் நிற்பது அன்றைய பட்டியலால் மட்டும் அன்று, இத்தகைய மறுப்பினாலும்தான்.

கண்காட்சிக்காக எழுதப்பட்ட காகிதம் கண்காட்சியோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அது கல்வெட்டாகிவிட்டது. 1855 செப்டம்பரில் கான்தெமெர்ல் என்ற தோட்டம் சேர்க்கப்பட்டது. பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எவரும் படியேறவில்லை. இரண்டாம் படியின் தலைப்பில் நிறுத்தப்பட்ட மூத்தோன் தோட்டத்தை 1922இல் பொறுப்பேற்ற பிலிப் த ரோத்ஷில்டு, பல பத்தாண்டுகள் போராடி 1973இல் அதை முதற்படிக்கு ஏற்றினார். அரசாணையில் கையெழுத்திட்ட வேளாண் அமைச்சர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜாக் ஷிராக்.

இன்னொரு விந்தையும் உண்டு. போர்தோவில் தகுதி ஒட்டியிருப்பது தோட்டத்தின் பெயரோடு, மண்ணோடு அன்று. பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் அதே தகுதி தொடரும். பர்கண்டியில் இது தலைகீழ். அங்கே தகுதி நிலத்துக்குரியது. சிஸ்டெர்சியத் துறவிகள் மதில் எழுப்பிக் காத்த க்ளோ த வூஜோ, பிரெஞ்சுப் புரட்சியின்போது பறிக்கப்பட்டு விற்கப்பட்டது. சுமார் 50 ஹெக்டேர் பரப்புள்ள அந்தத் தோட்டத்தை இன்று ஏறத்தாழ 80 பேர் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். அனைவரின் புட்டியிலும் ஒரே உயர்தகுதி அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே இருப்பதோ ஒன்றல்ல. பெயரை நம்புவதில் ஒருவகை ஆபத்து என்றால், மண்ணை மட்டும் நம்புவதில் வேறொரு வகை ஆபத்து.

பட்டியலை மூடிவிட்டு நாவிடமே கேட்டால் என்ன? 1976 மே 24ஆம் நாள் பாரிசில் அப்படிக் கேட்டுப் பார்த்தார், அங்கே ஒயின் கடை நடத்திவந்த ஆங்கிலேயரான ஸ்டீவன் ஸ்பரியர். பெயர் மறைத்த புட்டிகளிலிருந்து பிரெஞ்சு ஒயின்களும் கலிஃபோர்னிய ஒயின்களும் ஒன்பது பிரெஞ்சு வல்லுநர்களுக்கு ஊற்றித் தரப்பட்டன. வெள்ளையில் கலிஃபோர்னியாவின் மோந்தெலேனா, பர்கண்டியின் மெர்சோவைப் பின்தள்ளி முதலிடம் பெற்றது. சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் என்ற கலிஃபோர்னியத் தோட்டத்தின் ஒயின், 1970ஆம் ஆண்டு விளைந்த மூத்தோனை முந்தியது. நூறாண்டுக்கு மேல் நிலைத்த படிநிலையின் அருகே, சில ஆண்டுகளே வயதான கொடிகள் வந்து நின்றுவிட்டன.

இதைப் பட்டியலின் வீழ்ச்சியாகக் கொண்டாடியவர்கள் பலர். எனினும் மதிப்பெண்களைப் பார்க்கவேண்டும். இருபதுக்கு முதலாவது பெற்ற சராசரி 14.14, மூத்தோன் பெற்றது 14.09. இந்த இடைவெளியைக் கொண்டு ஒன்றை வென்றதென்றும் மற்றதைத் தோற்றதென்றும் சொல்வது, நாவுக்கு இல்லாத ஒரு துல்லியத்தை அதன்மேல் ஏற்றுவதாகும்.

நாவின் மீதான ஐயத்தை இன்னும் கூர்மையாக்கிய ஆய்வு 2001இல் போர்தோவிலிருந்தே வெளிவந்தது. ஒயின் நுட்பம் பயின்ற மாணவர்கள் 54 பேரிடம், ஒரே வெள்ளை ஒயின் இரு கோப்பைகளில் தரப்பட்டது. ஒன்றில் மட்டும் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்திருந்தது. சாயமிட்டதை முகர்ந்தவர்கள், செர்ரி போன்ற சிவந்த கனிகளின் பெயர்களால் அதை வருணித்தார்கள். பொதுவாகச் சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் சாற்றோடு தோலையும் சேர்த்து நொதிக்க வைப்பதனால் வருபவை. வெள்ளைக்குத் தோல் முன்பே நீக்கப்படுகிறது. இதைப் பாடமாகப் படித்தவர்களின் மூக்கையே கண் ஏமாற்றிவிட்டது. பார்த்ததைத்தான் அவர்கள் முகர்ந்தார்கள்.

ஆக, ரசனை என்பதே ஒரு மயக்கம்தானா? அப்படி முடிவுகட்டுவது எளிது, பொருந்தாது. விலைதான் பட்டியலை எழுதியது என்றாலும், அந்த விலைக்குப் பின்னால் ஆண்டுதோறும் சுவைத்து, அடுத்த ஆண்டும் அதையே தேடிவந்த எண்ணற்ற நாக்குகள் இருந்தன. ஒரு தனிநாக்கு ஏமாறலாம்; ஏழு தலைமுறைகள் முழுவதுமாக ஏமாறுவது அரிது. தவறு பட்டியலில் இல்லை. ஒரு காலத்தின் நடைமுறைக் குறிப்பை எல்லாக் காலத்துக்குமான தீர்ப்பாக்கிக்கொண்ட நம்மிடம்தான் இருக்கிறது. இலக்கிய வாசகருக்கு இது புதிய செய்தியாக இராது. சிறந்த நூறு நாவல்கள் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பிடித்தது எது, பிடித்தாகவேண்டியது எது என்று பிரித்தறிய முடியாமல் தவித்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு.

ஒயினைத் தேர்பவருக்கு வரலாறு சொல்லும் வழியும் அதுவே. ஊரும் தகுதியும் தொடக்கப்புள்ளி மட்டுமே. விளைவித்தவர் யார், எந்த ஆண்டு என்பவை அவற்றுக்கு இணையாகக் கேட்கப்பட வேண்டியவை. பிறகு இரண்டு புட்டிகளின் பெயரை மறைத்து அடுத்தடுத்துச் சுவைத்து, தோன்றியதை எழுதிவைத்துவிட்டு அதன்பின் பெயரைப் பார்க்கலாம். தவறிய இடங்களே பயிற்சியாகும். பெயரைக்கூடச் சரியாக எழுதத் தெரியாத பீப்ஸ், நாவில் உணர்ந்ததைத் தயங்காமல் எழுதினார். அந்தத் தோட்டம் முதற்படியில் எழுதப்பட 192 ஆண்டுகள் ஆயின.