செலவழியாத ஹஜ் பணம்

அரும்பொருள் கண்காட்சி என்று அறிவித்திருந்தார்கள். உள்ளே நுழைந்தபோது, திருமண மண்டபம் ஒன்றில் சந்தை கூடியது போலத்தான் இருந்தது. வரிசையாக மேசைகள், மேசைதோறும் ஒரு விளக்கு, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு குனிந்திருக்கும் மனிதர்கள். பித்தளைக் கூஜாக்கள், கிராமபோன், பர்மாத் தேக்குப் பெட்டிகள், அஞ்சல் தலைகள். பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றே எண்ணியிருந்தோம். லுஹர் தொழுதுவிட்டுச் சென்ற நாங்கள், அஸர் பாங்கு கேட்ட பிறகே வெளியே வந்தோம்.

பிள்ளைகளை முதலில் ஈர்த்தது யானை. திப்பு சுல்தானின் செப்புக்காசுகளில் அது நின்றிருந்தது. ஆண்டைப் படிக்க முயன்றவர்கள் திகைத்துப்போனார்கள். ஹிஜ்ரி 1200க்குப் பிறகு சுல்தான் மவ்லூதி என்னும் புதிய ஆண்டுக்கணக்கைக் கொண்டுவந்தார். எனவே அடுத்துக் காசில் ஏறிய ஆண்டு 1201 அன்று, 1215. அந்த எண்ணையும் வலமிருந்து இடமாகப் பொறிக்கச் செய்தார். வழக்கம்போல் படிப்பவருக்கு அது 5121 என்றே தோன்றும். வெள்ளி ரூபாய்க்கு இமாமி, தங்கக்காசுக்கு அஹ்மதி, அதன் பாதிக்கு ஸித்தீக்கி என்று அவர் சூட்டிய பெயர்களைக் கடைக்காரர் தடையின்றிச் சொன்னார். அவர் முஸ்லிம் அல்லர். எங்களில் எவருக்கும் அப்பெயர்கள் தெரிந்திருக்கவில்லை.

அவரே எங்களை அடுத்த மேசைக்கு அழைத்துச் சென்று, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த ஒரு 10 ரூபாய்த் தாளைக் காட்டினார். விற்பனைக்கன்று, பார்வைக்கு மட்டும். அக்காலத்துப் பத்து ரூபாய்த் தாள் ஊதா நிறம், இதுவோ நீலம். வரிசை எண் ‘எச்ஏ’ என்னும் எழுத்துகளோடு தொடங்கியது. ஹஜ் பயணிகளுக்கென்றே ரிசர்வ் வங்கி 1959இல் வெளியிட்ட தாள் அது. அவ்வாறே 100 ரூபாய்த் தாளும் உண்டு, அது சிவப்பு. இந்தியக் கடைவீதியில் இவை செல்லா. சவூதியில் இறங்கிய பின் ரியாலாக மாற்றிக்கொள்வது ஒன்றே இவற்றின் பயன்.

தனித் தாள் அச்சிட வேண்டிய தேவை என்ன? அக்காலத்தில் குவைத், பஹ்ரைன், கத்தர் முதலிய வளைகுடா நாடுகளின் கடைவீதிகளில் புழங்கியது நம் இந்திய ரூபாயே. அங்கே தங்கம் மலிவு, இங்கே விலை அதிகம். தங்கம் கள்ளத்தனமாக இந்தியாவுக்குள் வந்தது. அதற்கு ஈடாக ரூபாய்த் தாள்கள் கட்டுக்கட்டாக வெளியே போயின. அத்தாள்கள் அங்குள்ள வங்கிகள் வழியே ரிசர்வ் வங்கிக்குத் திரும்பியபோது, அவற்றுக்கு ஈடாக ஸ்டெர்லிங் பவுண்டு கொடுக்க வேண்டியதாயிற்று. நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்தது. அதைத் தடுக்கவே 1959இல் வளைகுடாவுக்கெனத் தனித் தாள்களும், ஹஜ்ஜுக்கெனத் தனித் தாள்களும் பிறந்தன. கடத்தற்காரர் செய்த வினைக்கு, ஹாஜியாரின் மடியில் இருந்த பணத்தின் நிறம் மாறியது!

குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் சொந்த தீனாருக்கு மாறின. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதும் மற்ற நாடுகளில் பலவும் ரூபாயைக் கைவிட்டன.

சவூதியின் கதை இதைவிடச் சுவையானது. அங்கே ரியால் என்றால் வெள்ளி நாணயம். 1952இல் அமைந்த நாணய முகமைக்குக் காகிதப் பணம் வெளியிட அனுமதி இல்லை. மூட்டை மூட்டையாக வெள்ளி சுமக்கும் ஹாஜிகளின் சிரமத்தைக் கண்டு, 1953இல் அது ‘ஹாஜிகளுக்கான ரசீது’ என்று ஒன்றை வெளியிட்டது. கொடுத்தால் வெள்ளி கிடைக்கும் என்ற உறுதி இருந்ததால் உள்ளூர் வணிகர்களும் அதையே வாங்கிப் புழங்கத் தொடங்கினர். பெயரளவில் ரசீது, நடைமுறையில் பணம். ஒரு நாட்டின் காகிதப் பணத்துக்கு அல்லாஹ்வின் விருந்தாளிகளே காரணமாயினர் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த நீலத் தாளின் முன் நெடுநேரம் நின்றோம். தமிழகத்திலிருந்து பம்பாய்க்கு ரயில், கப்பலுக்குக் காத்திருக்க முஸாஃபிர்கானா, பிறகு ஜித்தாவுக்குக் கடற்பயணம் என்று நம் பாட்டனார்கள் சென்ற வழி நினைவுக்கு வந்தது. அக்கடல்வழியும் 1995இல் முடிந்துபோயிற்று. கடனை அடைத்து, வீட்டாரின் செலவுக்கு ஒதுக்கிவைத்து, ஹலாலான சம்பாத்தியத்தில் மிஞ்சியதை எண்ணி எடுத்துச் சென்ற காசு அது. பெரும்பாலான தாள்கள் அங்கேயே மாற்றப்பட்டு, கடமையை நிறைவேற்றிக் கொடுத்து மறைந்தன. இன்று எஞ்சியிருப்பவை செலவழியாமல் போனவை; சேகரிப்போர் அவற்றுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

இடையே ஒரு சொல்: வெள்ளி, தங்க நாணயங்களைச் சேகரிக்கும் சகோதரர்கள் நம்மிடையே உண்டு. ஆல்பத்துக்குள் இருந்தாலும் வெள்ளி வெள்ளிதான். நிஸாபை எட்டினால் ஜகாத் உண்டா என்பதைத் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நலம்.

வாயிலருகே இருந்த மேசையில்தான் மனம் கனத்தது. கையெழுத்து முஸ்ஹஃப் ஒன்றின் ஏடுகள், ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில், தனித்தனி விலையில் கிடந்தன. முழுதாக விற்பதைவிட ஏடாகப் பிரித்தால் கூடுதலாகக் கிடைக்குமாம். ஷாஜஹானின் ரூபாயில் கலிமா உண்டு. அவ்ரங்கசீப் அரியணை ஏறியதும் அதை நீக்கினார். காசு எவர் கையிலும் போகும், எவர் காலிலும் படும் என்பதே காரணம். அதற்கும் வெகு முன்பே, கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் உருவங்களை நீக்கி இறைவசனம் பொறித்த தீனாரை வெளியிட்டார். அக்காலத்தில், வசனம் உள்ள காசை ஒளு இல்லாதவரும் தொடுவாரே என்று வருந்தியோர் இருந்தனர். காசுக்கே அவ்வளவு பேணுதல்! அந்த வியாபாரியின் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. கரையோர ஊர்களில் பழைய வீடுகளை இடிக்கும்போது பெட்டியோடு எடுத்துவருவதாகச் சொன்னார். பெட்டியைத் திறந்து பாராமல் கொடுத்தவர்கள் நாம்.

அதே பெட்டியின் அடியில், கல்லச்சில் பதித்த கிதாபு ஒன்று கிடந்தது. முன்னட்டை இல்லை. மக்தபில் ஓதும் எங்கள் சிறுவன் அதை எடுத்து ஓதத் தொடங்கினான். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகக் கூடுதல் புள்ளிகள் இட்ட எழுத்துகளில் தடுமாறி, இரண்டாம் வரியில் நிறுத்தினான். “வாப்பா, இது தமிழ்!”

ஆம், அரபுத் தமிழ். கீழக்கரையின் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) மார்க்கச் சட்டங்களை எழுதித் தந்தது இவ்வெழுத்தில்தான். பள்ளிக்கூடம் காணாத நம் பாட்டிமார்கள், குர்ஆன் ஓதக் கற்ற அதே எழுத்தில் தொழுகையின் ஃபர்ளுகளையும் ஹைளின் சட்டங்களையும் தாமே படித்து அறிந்தார்கள்.

விலை கேட்டோம், 300 ரூபாய் என்றார். வேறு எவரும் அதைக் கேட்கவில்லை போலும், பேரம் பேசுமுன்னரே 200க்கு இறங்கினார். செய்தித்தாளில் சுற்ற முனைந்தவரிடம் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினோம். உள்ளட்டையில் மங்கிய மையில், ‘மகளுக்கு’ என்ற ஒரு சொல் மட்டும் தமிழில் எழுதியிருந்தது.

மஃரிபுக்குப் பின் நாள்தோறும் ஒரு பக்கம் படிக்கிறோம். சிறுவன் எழுத்துக்கூட்டுகிறான், மறந்த சொற்களுக்கு அவனுடைய பாட்டி பொருள் சொல்கிறார். தொழுகைப் பாடம் முடிந்து ஜகாத்தில் இருக்கிறோம். ஹஜ்ஜின் பாடம் வர இன்னும் இருபது பக்கங்கள் இருக்கின்றன.