இசைப்பதிவுப் பகிர்வு

தமக்குப் பிடித்த பாட்டின் தட்டையோ நாடாவையோ கோப்பையோ இரவல் கொடுத்தும், படியெடுத்துக் கொடுத்தும், ஊரே கேட்கும்படி ஒலிக்கவிட்டும் ரசிகர்கள் வளர்த்த வழக்கம் இது. தமிழகத்தில் இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இசைத்தட்டுக் கம்பெனிகளைப் பற்றியும் பாடகர்களைப் பற்றியும் எழுதியவர்கள் பலர். கேட்டவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆனால் சென்ற நூற்றாண்டின் இசையில் இன்று நம் காதுக்கு எட்டுவதில் கணிசமான பங்கு கம்பெனிக் கிடங்குகளிலிருந்து வந்ததல்ல. ரசிகர்களின் வீட்டுப் பரண்களிலிருந்து வந்தது.

செங்கமும் கூத்தரும்

இசை பற்றிய செய்தியை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லும் பழக்கத்துக்குத் தமிழில் உள்ள மிகப் பழைய சான்றுகளில் ஒன்று செங்கத்துக்கு உரியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், சவ்வாது மலையடிவாரத்தில், செய்யாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊர்தான் சங்க காலத்துச் செங்கண்மா என்பர். இதை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பாடியது பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம். பாடியவர் பெருங்கௌசிகனார். 583 அடிகள் கொண்ட இப்பாட்டு, உ.வே. சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த பிறகே பரவலாகப் படிக்கக் கிடைத்தது.

நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கூட்டத்துக்கு வழி சொல்வதுதான் பாட்டின் பொருள். அந்தக் கூட்டம் முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், எல்லரி, பதலை என்று தன் கருவிகளையெல்லாம் பைகளில் இட்டு, மரத்தில் காய்த்துத் தொங்கும் பலாக்காய்க் குலைபோலச் சுமந்து வருகிறது. எந்த வழியில் போகலாம், எங்கே தங்கலாம், யார் சோறு போடுவார்கள், இசையை மதிக்கும் ஆள் எங்கே இருக்கிறான் என்பதையெல்லாம் முன்னே போனவன் பின்னே வருபவனுக்குச் சொல்கிறான். அந்த நாளில் இசையைப் பதிந்துவைக்க வழியில்லை. கேட்க வேண்டுமானால் பாடுபவர் நடந்து வரவேண்டும். இசையைப் பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுபோக முடியும் என்றானதும் மாறியது இந்த ஒன்றுதான்.

மூன்று நிமிடத் தட்டு

எடிசன் 1877-ல் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தார். எமில் பெர்லினர் 1887-ல் தட்டையான இசைத்தட்டுக்கு வழிகண்டார். 1902-ல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரல் பதிவானது. பதிவுக்காரர்கள் அடுத்த சில ஆண்டுகளில் மதராஸுக்கும் வந்தார்கள். 1908-ல் கல்கத்தா சியால்டாவில் கிராமபோன் கம்பெனி ஆலை தொடங்கியது. தட்டுக்கு மூலப்பொருளான அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து உலகம் முழுக்கப் போயிற்று. இரண்டாம் உலகப்போரில் அந்த வரத்து குறைந்தபோது மேலைநாடுகளில் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி உருக்கினார்கள்.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். ஒரு மணி நேர ராகத்தை வித்வான் அதற்குள் அடக்கவேண்டும். விடிய விடிய ஆடும் வடார்க்காட்டுத் தெருக்கூத்து அதில் அடங்க வழியே இல்லை. அதனால்தான் கூத்தைவிட நாடகமேடைப் பாட்டுக்கும் கீர்த்தனைக்கும் தட்டில் முதலிடம் கிடைத்தது. நாடகக் கதையைப் பல தட்டுகளில் பிரித்து ‘செட்’டாகவும் விற்றார்கள். நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல், இருபத்தேழு வயதில் இறந்தார். அவர் மேடையில் பாடக் கேட்டவர்கள் இன்று அநேகமாக இல்லை. தட்டு மட்டும் இருக்கிறது. கே.பி. சுந்தராம்பாள், வீணை தனம்மாள், 1926-ல் பத்து வயதில் முதல் தட்டுக் கொடுத்த எம்.எஸ். சுப்புலட்சுமி, தோடி என்றாலே நினைவுக்கு வரும் டி.என். ராஜரத்தினம் பிள்ளை என்று இந்தப் பட்டியல் நீளும்.

கிராமபோன் பெட்டி விலை கூடிய பொருள். ஊருக்கு ஒன்றிரண்டு வீட்டில்தான் இருக்கும். ஆகவே தட்டு கேட்பது பெரும்பாலும் கூடிக் கேட்பதாகவே இருந்தது. திண்ணையில் பெட்டியை வைத்துச் சாவி கொடுத்து, புது ஊசி மாட்டிப் போடுவார்கள்; பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது கணக்கு. தேய்ந்த ஊசியையே மறுபடி போட்டால் தட்டின் வரி கெடும். இரவல் கொடுக்கிறவர்கள் ஊசிப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்ததன் காரணம் அதுதான். கடைக்காரர்கள் அச்சிட்டுத் தந்த பாட்டுப் புத்தகங்களும் தட்டோடு சேர்ந்து கை மாறின. சு. தியடோர் பாஸ்கரன் தமது ஆய்வில் காட்டியபடி, விடுதலைப் போராட்டப் பாட்டுகள் ஊர்களுக்குள் நுழைய நாடகமேடையோடு இந்தத் தட்டுகளும் வழியாக இருந்தன.

பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் அப்போதே எழுந்துவிட்டது. பாரதி பாடல்களை ஒலிவடிவில் வெளியிடும் உரிமையைப் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் விலைக்கு வாங்கி வைத்திருந்தார். பணம் ஏதும் பெறாமல் அரசுக்கு அதை அவர் விட்டுக்கொடுத்தார். பாரதி படைப்புகளின் உரிமையை 1949-ல் மதராஸ் அரசு ஏற்றது. ஒரு வியாபாரி இசைக்குச் செய்த கைங்கரியங்களில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை.

மைக் செட்டும் நேயர் விருப்பமும்

செங்கம் போன்ற சிற்றூர்களில் இசைத்தட்டை எல்லோருக்கும் உரியதாக்கியவர் மைக் செட்காரர். ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர், ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தட்டு: இவ்வளவுதான் அவர் முதல். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் ஊற்றுதல், தேர்தல் கூட்டம் எதுவானாலும் விடிவதற்குள் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்கும். அம்மன் கோயில் என்றால் எல்.ஆர். ஈஸ்வரி. மதியத்தில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ போன்ற படங்களின் கதை வசனத் தட்டு. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று முடிவு செய்தவர் அவரே. இன்றைக்குக் கணினி செய்யும் தேர்வை அவர் ஊர்ச் சனத்தின் முகம் பார்த்துச் செய்தார். இசை வரலாற்றில் அவருக்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

வானொலியும் இதே வேலையைச் செய்தது. மதராஸ் மாகாண வானொலிக் கழகம் 1924-லேயே ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் வந்தன. 1952-க்குப் பின் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் திரைப்பாட்டை ஒதுக்கியதால் கேட்பவர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். அதன் அறிவிப்பாளர்கள் எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோர் தமிழகத்தில் திரைநட்சத்திரங்களுக்குச் சமமாக அறியப்பட்டார்கள். 1957 அக்டோபர் 3-ல் விவித்பாரதி தொடங்கியதற்கு இந்தப் போட்டியும் காரணம். நேயர் விருப்பத்தில் ஒரு பாட்டுக்கு முன் ஊரும் பேருமாக நீண்ட பட்டியல் படிப்பார்கள். அஞ்சலட்டை எழுதியவருக்குப் பாட்டு பாதி, தம் ஊர்ப்பேர் காற்றில் வந்தது பாதி. ஒருவர் கேட்ட பாட்டை முகமறியாத ஆயிரம் பேர் கேட்டார்கள்.

சிம்பொனியும் ராக்கும்

மேலைச் செவ்வியல் இசைக்கு மதராஸில் பழைய வேர் உண்டு. 1842-ல் மிஸ்குவித் கம்பெனியாகத் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இன்றும் இருக்கிறது; மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-ல் பிறந்தது. ஆனால் பாக், மொசார்ட், பீத்தோவன் தமிழ்க் காதுக்குள் நுழைந்தது இந்த அரங்குகளைவிட மயிலாப்பூர் சாயி லாட்ஜில் இருந்த இசை ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டரின் அறை வழியாகத்தான் என்று சொல்லலாம். அங்கே பயின்ற இளையராஜா 1986-ல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். சிம்பொனி என்ற சொல்லை அறியாத ஊர்களிலும் அந்தக் கேசட் கை மாறியது. 2025 மார்ச் 8-ல் லண்டனில் அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது அதைக் கொண்டாடிய தமிழர்களில் பலருக்கு வயலின் கூட்டொலியை முதலில் காதில் ஊற்றியது அவருடைய திரைப்பாட்டே.

ராக் இசை வந்த வழி வேறு. பீட்டில்ஸ் பாட்டுகளைக் கிராமபோன் கம்பெனி இந்தியாவிலேயே அச்சிட்டது. மேலைநாடுகள் 78 சுழற்சித் தட்டைக் கைவிட்ட பின்னும், மின்சாரமில்லாத ஊர்களில் சாவிப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்ததால், இங்கே பீட்டில்ஸும் அந்த வடிவில் வந்தது. உலகச் சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலையும் தட்டுகள் அவை. சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய தட்டுக் கடைகள் 1985-ல் அந்தக் கட்டடம் எரியும்வரை ரசிகர்களின் சந்திப்பிடமாக இருந்தன. ராக்குக்கு மேடை கொடுத்த, சென்னை ஐஐடி மாணவர்கள் 1974-ல் தொடங்கிய மார்டி கிரா கலைவிழா, 1996-ல் சாரங் என்று பெயர் மாறியது. பிங்க் ஃப்ளாய்டும் டீப் பர்ப்பிளும் கல்லூரி விடுதிகளில் படிமேல் படியாக எடுக்கப்பட்ட கேசட்டுகளில் சுற்றின.

கேசட்

ஃபிலிப்ஸ் 1963-ல் அறிமுகம் செய்த கேசட், தமிழகச் சிற்றூர்களை 1980-களில் பிடித்தது. பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு ‘ரெக்கார்டிங் சென்டர்’ இல்லாத ஊர் அப்போது இல்லை. வெற்றுக் கேசட்டும் தாளில் எழுதிய பட்டியலும் கொடுத்தால் இரண்டு நாளில் பாட்டு தயார். 60 நிமிட நாடாவில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. கடைசிப் பாட்டு பல்லவியோடு அறுந்துபோகாமல் நிமிடம் கூட்டிப் பட்டியல் போடுவது ஒரு கலை. அழியாமல் இருக்க மேல் விளிம்பின் பிளாஸ்டிக் காதை உடைப்பார்கள். மீண்டும் பதிய வேண்டுமானால் அந்த ஓட்டையில் செலோ டேப் ஒட்டுவார்கள். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவார்கள். கேசட்டைக் கேட்டு வாங்கிப்போனவர் திருப்பித் தராத மனத்தாங்கல் பல நட்புகளில் இன்னும் இருக்கிறது. சட்டப்படி இது அனுமதியில்லாத படியெடுப்பு. கலைஞர்களுக்கு அதனால் இழப்பு நேர்ந்தது உண்மை. அதே நேரம், கம்பெனிகள் மறுபடி அச்சிடாத எத்தனையோ பாட்டுகள் இந்தக் கடைகளால்தான் தப்பின.

கர்நாடக இசை ரசிகர்களிடம் இதற்கு முன்பே ஸ்பூல் நாடா இருந்தது. மதுரை மணி ஐயர் (மறைவு 1968) பெரிதும் நமக்குக் கிடைப்பது தட்டில் அல்ல, கச்சேரிகளில் ரசிகர்கள் எடுத்த பதிவுகளில். அவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: விற்கக்கூடாது, மாற்றிக்கொள்ளலாம். படியெடுக்க எடுக்க இரைச்சல் ஏறும். பதிந்த கருவியின் வேகம் பிசகியிருந்தால் சுருதியே கூடிக் குறையும். அதையும் பொறுத்துக்கொண்டு கேட்டார்கள். இதைவிடப் பெரிய இடரிலும் கேட்டவர்கள் உண்டு: யாழ்ப்பாணத்தில் 1990-களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். பாட்டுக்காக மனிதர் படக்கூடிய பாட்டுக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். எம்பி3 குறுந்தகட்டில் நூற்றைம்பது பாட்டு அடங்கியது. செல்போன் கடைகள் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தன. தனியார் பேருந்துகளில் ஓட்டுநரின் பென்டிரைவ், மைக் செட்காரரின் டிரங்குப் பெட்டிக்கு வாரிசானது.

பாதுகாப்பு

வி.ஏ.கே. ரங்கா ராவ் பல பத்தாயிரம் இசைத்தட்டுகளைத் தனியொருவராகச் சேர்த்தார். 1994-ல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நூல்களோடு இசைத்தட்டுகளையும் காத்துவருகிறது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. பழைய 78 சுழற்சித் தட்டுகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது.

வீட்டில் இத்தகைய தட்டு இருப்பவர்கள் அதைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்திவைக்கவேண்டும். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். வெயில் படும் பரணில் தட்டு வளையும், நாடா ஒட்டிக்கொள்ளும். பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுமுன் ஒரு நூலகத்தையோ சேகரிப்பாளரையோ கேளுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது அந்தப் பாட்டின் கடைசிப் பிரதியாக இருக்கலாம்.