கால் குறைந்த கால்பந்து: அமெரிக்கப் பள்ளி மைதானத்தில் உதையின் கதை

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் ஊர் கால்பந்து அல்ல என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முட்டை வடிவப் பந்து, தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்து விழும் இருபத்திரண்டு பேர்... இதில் ‘ஃபுட்’ எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சந்தேகம் வரும். இருக்கிறது, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள அவர்களுடைய உயர்நிலைப் பள்ளி ஆட்டம்தான் நல்ல இடம். அங்கே உதை பற்றிய பல விதிகளுக்குப் பின்னால், ஒன்று அடிபட்ட பையன்கள் இருப்பார்கள், இல்லையென்றால் ஒரு தந்திரக்காரப் பயிற்சியாளர் இருப்பார்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். மைதானம் 100 யார்டு நீளம் (நம் கிரிக்கெட் பிட்ச் 22 யார்டு, அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்). பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் நான்காவது வாய்ப்பில் பெரும்பாலும் உதைதான். கோல் பக்கத்தில் இருந்தால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுப்பார்கள். இதுதான் ஃபீல்டு கோல். தூரமாக இருந்தால் பந்தை எதிரணியின் எல்லைக்குத் தள்ளி உதைப்பார்கள். இது பண்ட். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் உதை கிக்ஆஃப்.

உதையே ராஜாவாக இருந்த காலம்

1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதிய ஆட்டத்தைத்தான் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் முதல் ஆட்டம் என்கிறார்கள். அணிக்கு 25 பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட அனுமதி இல்லை. ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது.

பிறகு ரக்பியின் பாதிப்பில் பந்தைக் கையில் எடுத்து ஓடும் வழக்கம் வந்தது. அப்போதும் உதைக்குத்தான் மதிப்பு. 1883-ல் புள்ளிகள் வகுத்தபோது ஃபீல்டு கோலுக்கு 5 புள்ளி, டச்டவுனுக்கு வெறும் 2! டச்டவுன் என்பது கோலை நோக்கி உதைக்க வாங்கும் அனுமதிச் சீட்டு மாதிரி. காலம் போகப் போக தராசு சாய்ந்தது. 1909-ல் ஃபீல்டு கோல் 3 புள்ளியாக இறங்கியது. 1912-ல் டச்டவுன் 6 புள்ளியாக ஏறியது. இன்றும் அதே கணக்குதான்.

1934-ல் பந்தை எறிய வசதியாக அதை இன்னும் ஒல்லியாக்கினார்கள். தரையில் விழுந்து எழும்பும் பந்தை உதைக்கும் ‘டிராப் கிக்’ அதனால் மெல்ல மறைந்தது. ஒல்லிப் பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று யாருக்குத் தெரியும்?

உடைந்த எலும்புகள் எழுதிய விதிகள்

1892-ல் யேலுக்கு எதிராக ஹார்வர்டு ஒரு புது வித்தை காட்டியது. அக்காலத்தில் கிக்ஆஃப் என்றால் பந்தைக் காலால் லேசாகத் தட்டிவிட்டு, தானே எடுத்துக்கொள்ளலாம். ஹார்வர்டு வீரர்கள் தூரத்திலிருந்து ஆப்பு வடிவில் ஓடிவந்து, பந்து வைத்திருப்பவனைச் சுற்றிக்கொண்டு எதிரணியின் மேல் மோதினார்கள். ‘பறக்கும் ஆப்பு’ என்று பெயர். காயங்கள் பெருகவே, 1894-ல் கிக்ஆஃப் குறைந்தது 10 யார்டு போக வேண்டும் என்று விதி வந்தது. அந்த 10 யார்டு இன்றும் அப்படியே இருக்கிறது.

அப்படியும் ஆபத்து தீரவில்லை. 1905-ம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 18 பேர் இறந்ததாக சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை கணக்குச் சொன்னது. அவர்களில் பலர் பள்ளி மாணவர்கள். அந்த அக்டோபரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி 1906-ல் வந்ததற்கு இந்தக் கொந்தளிப்பே காரணம்.

பள்ளிக்கென்று தனி விதிகள்

பள்ளி ஆட்டத்தின் விதிகளை எழுதுவது 1920-ல் உருவான மாநிலப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு. (டெக்சாஸ் பள்ளிகள் கல்லூரி விதிகளைத் தழுவி ஆடுகின்றன.) பையன்களின் கால் வலு குறைவு என்பதும், அவர்களுக்கு அடிபடக் கூடாது என்பதும் இந்த விதிகளில் தெரியும்.

கோல் கம்பங்களின் இடைவெளி இங்கே 23 அடி 4 அங்குலம். கல்லூரியிலும் தொழில்முறையிலும் 18 அடி 6 அங்குலம்தான். ஃபீல்டு கோல் உதைக்க பந்துக்கு அடியில் 2 அங்குல உயரம் வரை ஒரு தாங்கி வைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் 1989-லேயே இதை எடுத்துவிட்டார்கள். கிக்ஆஃப் 40 யார்டு கோட்டிலிருந்து நடக்கும். பந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிய நொடியே ஆட்டம் நின்றுவிடும். எடுத்துக்கொண்டு ஓட முடியாது, 20 யார்டு கோட்டில் புதிதாகத் தொடங்க வேண்டும். முழு வேகத்தில் ஓடிவரும் இரண்டு கூட்டங்கள் மோதிக்கொள்வது அந்த அளவுக்குக் குறைகிறது.

2017-ல் இன்னொரு தடை வந்தது. பந்தைத் தரையில் ஓங்கி அடித்து, ஒரே குதியில் உயரே எழும்ப வைக்கும் கிக்ஆஃப் அது. மேலே பார்த்தபடி நிற்கும் பையன் மேல் எதிரணி வந்து மோதும் என்பதால் அதை நிறுத்தினார்கள்.

தந்திரக்காரர்கள்

பண்ட் செய்யும்போது மட்டும் சட்டை எண் விதியில் ஒரு தளர்வு உண்டு. சாதாரணமாக 50 முதல் 79 வரை எண் உள்ள ஐந்து பேர் முன்வரிசையில் நிற்க வேண்டும், அவர்கள் எறிந்த பந்தைப் பிடிக்கக் கூடாது. உதைக்கும் அமைப்பில் நின்றால் இந்த எண் கட்டாயம் இல்லை. கலிபோர்னியாவின் பீட்மாண்ட் பள்ளி 2007-ல் எல்லா வாய்ப்பிலும் அந்த அமைப்பிலேயே நின்றது, ஆனால் உதைக்கவில்லை! பதினொரு பேரில் யார் பந்தைப் பிடிப்பார் என்று எதிரணி திணறியது. ‘ஏ-11’ என்று நாடெங்கும் பேசினார்கள். 2009 பிப்ரவரியில் விதிக்குழு அந்த ஓட்டையை அடைத்தது.

அர்கான்சாஸின் புலாஸ்கி அகாடமியில் கெவின் கெல்லி என்ற பயிற்சியாளர் அதையும் தாண்டிப் போனார். பண்ட் என்பது பந்தை எதிரிக்குத் தானம் செய்வது என்பது அவர் வாதம். நான்காவது வாய்ப்பிலும் ஆடினார். கிக்ஆஃபையும் 10 யார்டு தாண்டும் அளவுக்கு மட்டும் உதைத்து, தன் அணியே பிடிக்கப் பார்த்தார் (ஆன்சைடு கிக்). 2011-ல் கேபட் பள்ளியுடன் நடந்த ஆட்டத்தில், எதிரணி தன் முதல் வாய்ப்பை ஆடும் முன்பே 29-0 முன்னிலை! பறக்கும் ஆப்பை ஒழிக்க வந்த 10 யார்டு விதி நூறு வருடம் கழித்து இப்படிப் பயன்பட்டது. 2003 முதல் 2020 வரை ஒன்பது மாநிலப் பட்டங்கள் வென்றார். பொருளாதார அறிஞர் டேவிட் ரோமரும் 2006-ல் வெளியான ஆய்வில், தொழில்முறை அணிகள் நான்காவது வாய்ப்பில் தேவைக்கு அதிகமாக உதைக்கின்றன என்றே சொன்னார். ஆனால் 2021-ல் கல்லூரி அணிக்குப் போன கெல்லி 2 வெற்றி, 9 தோல்வியோடு ஒரே பருவத்தில் விலகினார். பள்ளியில் பலித்தது எல்லா இடத்திலும் பலிக்காது போலும்.

பெரியவர்கள் படித்த பாடம்

ஹார்வர்டும் யேலும் ஆடும் ஐவி லீக் 2016-ல் கிக்ஆஃப் கோட்டை 35-லிருந்து 40 யார்டுக்கு நகர்த்தியது. கோல் கோட்டைத் தாண்டிப் போகும் கிக்ஆஃபுக்குப் பிறகு ஆட்டம் தொடங்கும் இடத்தையும் 25-லிருந்து 20-க்கு மாற்றியது. இரண்டும் பள்ளிப் பையன்களின் எண்கள்தான்! ஆயிரம் கிக்ஆஃபுக்கு சுமார் 11 என்று இருந்த மூளை அதிர்ச்சிக் காயங்கள் சுமார் 2 ஆகக் குறைந்தன என்று 2018-ல் வெளியான மருத்துவ ஆய்வு சொல்கிறது.

பறக்கும் ஆப்பைக் கண்டுபிடித்த அதே ஹார்வர்டு, 124 வருடம் கழித்து பள்ளிப் பையன்களின் கோட்டில் வந்து நின்றது. வெறும் ஐந்து யார்டு, நம் பிட்சில் கால்வாசி கூட இல்லை. அதற்குள் எத்தனை மண்டைகள் தப்பியிருக்கின்றன பாருங்கள்.