பாதாளத்தில் தண்ணீர்

பூமியின் முதல் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு ‘ஹேடியன்’ என்று பெயர். கிரேக்கர்களின் பாதாள அரசன் ஹேடீஸின் பெயரால், 1972இல் அமெரிக்கப் புவியியலாளர் பிரெஸ்டன் கிளவுட் சூட்டியது. எனக்கு அந்தப் பெயர்மீது சின்னதாக ஒரு கோபம் உண்டு. அந்தக் காலத்துப் பூமிப்பாறை ஒன்றுகூடக் கையில் இல்லாதபோது வைத்த பெயர் அது. எங்கும் நெருப்புக் குழம்பு, மேலே விண்கல் மழை. அவ்வளவுதான் கதை.

பாறை எங்கே போச்சு? தேய்ந்தது, மடிந்தது, உள்ளே இறங்கி மறுபடி உருகிவிட்டது. கனடாவின் அகாஸ்டா பாறைக்கே சுமார் 400 கோடி வயதுதான்.

ஆனால் பாறை அழிந்தாலும் அதிலிருந்த சிர்கான் என்னும் படிகம் லேசில் அழியாது. பழைய வீட்டை இடித்த செங்கல்லைப் புது வீட்டில் வைத்துக் கட்டுவோமே, அதுபோல மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில், சுமார் 300 கோடி ஆண்டுப் பாறைக்குள் அதைவிட மூத்த சிர்கான்கள் கிடக்கின்றன. சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாக விடாது. பிறகு யுரேனியம் சிதைந்து ஈயமாகும். ஆக, உள்ளே இருக்கும் ஈயம்தான் கடிகாரம்.

2001இல் சைமன் வைல்டும் ஜான் வேலியும் குழுவினரும் அப்படி ஒரு மணியின் வயதை வெளியிட்டார்கள்: 440 கோடி ஆண்டுகள். மண்துகள் அளவுதான் அது. வயதைவிட எனக்குப் பெரிசாகப் படுவது அதிலிருந்த ஆக்சிஜன். பூமியின் ஆழத்திலிருந்து நேராக வந்த குழம்பில் இருக்கவேண்டியதைவிட, கனமான ஆக்சிஜன்-18 அதில் கூடுதல். மேற்பரப்பில் திரவ நீரோடு ஊறிய பாறை, பிறகு உருகி அந்தக் குழம்பாகியிருந்தால்தான் அப்படி வரும். பாதாளத்தில் தண்ணீர்!

சும்மா விடுவார்களா? ஈயம் படிகத்துக்குள் இடம் மாறி ஓரிடத்தில் குவிந்திருந்தால் வயது பொய்யாகக் கூடித் தெரியுமே என்றார்கள். நியாயமான கேள்வி. பதிலுக்குப் பதின்மூன்று வருஷம் ஆனது. 2014இல் வேலியின் குழு 437 கோடி ஆண்டு வயதுள்ள இன்னொரு மணியை அணு அணுவாக எண்ணிப் பார்த்தது. ஈயம் நகர்ந்திருந்தது உண்மைதான், ஆனால் நானோமீட்டர் கணக்கில்தான். அளவீடு எடுத்த இடத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. கடிகாரம் சரி.

இதை வைத்து அன்றைக்கே பெரிய கண்டங்கள் இருந்தன என்று சொல்வோரும் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். செங்கல்லின் வயது தெரிந்துவிட்டது, அது நனைந்த மண்ணில் செய்தது என்பதும் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு எத்தனை அறை என்பதை அது சொல்லாது.